நாலாவது இடம்

டென்மார்க் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வரும்?

பாதிப் பேருக்கு அந்த நீல நிற பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்து பல வருஷமான பிறகும் ஊசி, நூல், உதிர்ந்த சட்டை பட்டன்கள் சகிதம் பீரோவுக்குள் குடித்தனம் நடத்தும் டப்பா. மீதிப் பேருக்கு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு தரங்கம்பாடிக் கோட்டை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து இறங்கிய டேனிஷ்காரர்கள், 1845-ல் ஊரையே இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 225 வருஷம்! கோட்டை மட்டும் கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டு இருக்கிறது.

எனக்கு டென்மார்க் என்றால் ஒரு மனிதர்தான். பால் எல்வ்ஸ்ட்ராம். பாய்மரப் படகோட்டி. ஒரே ஆள் ஓட்டுகிற சின்னஞ்சிறு படகில் நாலு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியவர். 1948, 1952, 1956, 1960. அவருக்கு முன்னால் தனிநபர் போட்டியில் தொடர்ந்து நாலு ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர் எந்த விளையாட்டிலும் கிடையாது.

கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறு விளையாட்டுச் செய்தி படிக்காத எனக்கு இவர் எப்படிப் பழக்கமானார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும்.

பொறையாறில் என்னோடு படித்த நண்பனின் அப்பா அவர். தரங்கம்பாடி மீனவர் தெருவில் வீடு. நண்பனோடு சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து அடிவாங்கி வளர்ந்ததில் எனக்கும் அவர் பெரியப்பாதான். மீன் பிடிக்கப் போவார் என்றாலும், ஊரில் அவருக்குப் பேர் மரம் கட்டுவதில். புதுசாக மரம் எடுத்தவர்கள் அவரிடம்தான் வருவார்கள்.

கட்டுமரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஆணி கிடையாது. பலகை கிடையாது. பசை கிடையாது. லேசான மரத்தடிகள் நாலைந்தைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. அவ்வளவுதான். கடலுக்குப் போய்வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போட்டுவிடலாம். மறுநாள் மறுபடி கட்டிக்கொள்ளலாம். 'இது என்ன பெரிய வித்தை?' என்று தோன்றும். கயிற்றைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் மரம் அலைக்கு வளைந்து கொடுக்காது. கொஞ்சம் தளர்த்தினால் நடுக்கடலில் ஆளுக்கொரு தடியாகப் பிரிந்து போக வேண்டியதுதான். அந்த நடுவாந்திர இறுக்கம் எது என்பது பெரியப்பாவின் கைக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால், "கட்டிப் பாரு, தெரியும்" என்பார்.

2003 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோட்டையைப் பார்க்க டென்மார்க்கிலிருந்து அவ்வப்போது ஆட்கள் வருவது வழக்கம். மூதாதையர் கல்லறையைத் தேடி வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். அன்று வந்த ஒரு பெரியவர் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியராம். அறுபத்தைந்து வயது இருக்கும். அவர் பார்த்துக்கொண்டு இருந்தது, பெரியப்பா மரம் கட்டுவதை.

அரைமணி நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் நிறுத்தி நிதானமான இங்கிலீஷில் கேட்டார்: "நான் சின்ன வயதில் படகு ஓட்டியவன். இந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள்."

கேட்டேன். பெரியப்பா, "தொட்டா என்ன, கட்டிக்கூடப் பாக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் வரை நான் மொழிபெயர்ப்பாளன். ஈர மணலில் குச்சியால் கோடு போட்டு அந்தப் பெரியவர் சொன்ன கதைதான் எல்வ்ஸ்ட்ராம் கதை. அதன் பிறகு அந்தப் பேர் எங்கே கண்ணில் பட்டாலும் விடாமல் படித்தேன்.

எல்வ்ஸ்ட்ராம் 1928-ல் கோபன்ஹேகன் பக்கத்தில் ஹெல்லருப் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1948-ல் லண்டன் ஒலிம்பிக். படகுப் போட்டி மட்டும் டார்க்கீ என்ற கடற்கரை ஊரில். பையனுக்கு இருபது வயசு. படகின் பேர் ஃபயர்ஃப்ளை. மின்மினி! பன்னிரண்டு அடி நீளம். அதை உருவாக்கியது ஃபேரி என்ற இங்கிலாந்து கம்பெனி. போர்க்காலத்தில் போர் விமானம் செய்துகொண்டு இருந்தவர்கள், சண்டை முடிந்ததும் படகு செய்யக் கிளம்பினார்கள். மெல்லிய மரச் சீவல்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பசை தடவி அச்சில் ஒட்டி, பெரிய அழுத்த அடுப்புக்குள் வைத்து வேகவைத்து எடுப்பார்கள். ஆணியில்லாத படகு. இதை நான் தமிழில் சொன்னதும் பெரியப்பா முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது.

"வேகவச்சா எடுக்குறாங்க? இட்லி மாதிரியா?"

"ஆமா பெரியப்பா."

"அட!"

உண்மையில் அது இரண்டு பேர் ஓட்டுகிற படகு. அந்த ஒலிம்பிக்கில் ஒரே ஆள் ஓட்ட வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். முதல் நாள் முதல் பந்தயத்தில் இன்னொரு படகுக்காரர் ஆட்சேபித்துக் கூச்சல் போட, அனுபவம் போதாத எல்வ்ஸ்ட்ராம் பந்தயத்திலிருந்தே விலகிக் கரைக்குத் திரும்பிவிட்டார். ஒலிம்பிக்கில் முதல் நாளே பூஜ்யம்!

இங்கே ஒரு விஷயம். கடலில் கோடு போட்ட ஓடுபாதை கிடையாது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கிப் பாய்மரப் படகு நேராகப் போகவே முடியாது. சாய்வாக இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று கோணல்மாணலாகத்தான் மேலேற வேண்டும். இருபது படகுகள் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்டு போகும்போது மோதாமல் இருக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்குத்தான் முதல் உரிமை. இடப்பக்கக் காற்றில் வருகிறவர் ஒதுங்க வேண்டும். அந்தக் காலத்தில் விசில் ஊத நடுவர் கூடவே வருவது கிடையாது. தப்பு செய்தவர் தானே ஒப்புக்கொண்டு விலக வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பதற்காகத் தப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதுதான் அந்த விளையாட்டின் அஸ்திவாரம்.

முதல் நாள் பூஜ்யம் வாங்கிய பையன் ஏற்ற இறக்கத்தோடு முன்னேறினான். அப்போதைய கணக்கு முறையில் முதலிடத்துக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பார்கள். மொத்தம் ஏழு பந்தயம். கடைசி இரண்டிலும் எல்வ்ஸ்ட்ராம் முதலிடம். தங்கம்!

இந்த இடத்தில் பெரியப்பா குறுக்கே புகுந்தார்.

"மீனு எவ்வளவு கெடச்சுதாம்?"

"மீன் பிடிக்கப் போகல பெரியப்பா. சும்மா யாரு முதல்ல வர்றதுன்னு போட்டி."

"சும்மாவா?"

டென்மார்க் பெரியவரிடம் இதை மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் புதுப் படகு. ஃபின் என்று பேர். பதினைந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? ரிக்கார்ட் சார்பி என்ற ஸ்வீடன்காரர். அவருக்கு முடிதிருத்தும் தொழில்! தான் வரைந்த படகிலேயே அந்த ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார் மனிதர். தங்கம் எல்வ்ஸ்ட்ராமுக்கு. கடைசிப் பந்தயத்துக்கு முன்பே ஜெயித்தாகிவிட்டது. 1956 மெல்போர்னில் ஏழில் ஐந்து பந்தயங்களில் அவர்தான் முதல்.

எப்படி முடிந்தது? அப்போதெல்லாம் இந்தப் போட்டிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகைப் போட்டி நடத்துகிற நாடே கொடுத்துவிடும். படகில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் உடம்பில்தான். காற்று பாயை அடிக்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாயும். அதை நிமிர்த்த ஒரே வழி, படகோட்டி எதிர்ப்பக்கம் விளிம்பில் உட்கார்ந்து, படகுக்குள் இருக்கும் பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுக்க வெளியே தொங்குகிற மாதிரி மல்லாந்து சாய்வது. எவ்வளவு நேரம் அப்படிச் சாய்ந்திருக்க முடிகிறதோ அவ்வளவு வேகம். தொடையும் வயிறும் நெருப்பாக எரியும்.

மற்றவர்கள் போட்டியன்று அந்த வலியைத் தாங்கினார்கள். எல்வ்ஸ்ட்ராம் அதற்காக வீட்டிலேயே ஒரு பெஞ்ச் செய்தார். படகு விளிம்பு உயரத்துக்குப் பெஞ்ச், கால் மாட்டப் பட்டை. தினமும் அதில் உட்கார்ந்து பின்னால் சாய்வார். விளையாட்டுக்காரர் இப்படித் திட்டம் போட்டு உடற்பயிற்சி செய்வது இன்றைக்குச் சாதாரணம். அன்றைக்குப் படகோட்டிகள் மத்தியில் அது வேடிக்கை. பாய்மரப் படகு என்பது பணக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த காலம்.

"வீட்டுக்குள்ள உக்காந்து படகு ஓட்டுனாரா?" என்று கேட்டார் பெரியப்பா. பிறகு அவரே, "ராமேஸ்வரம் பக்கம் பலகையைக் குறுக்கால நீட்டி, அதுமேல ஆளு போய் ஒக்காருவான், காத்துக்குத் தக்கன. அதான் இது" என்றார்.

எல்வ்ஸ்ட்ராம் ஓட்டத் தெரிந்த ஆள் மட்டுமல்ல. செய்யவும் தெரிந்தவர். 1954-ல் பாய் தைக்கும் தொழிலை ஆரம்பித்தார். பாய் என்பது வெறும் துணி என்றுதான் நாம் நினைப்போம். அது தட்டையாக இருந்தால் படகு நகராது. துண்டு துண்டாக வெட்டி, ஓரங்களைத் துளி வளைவோடு சேர்த்துத் தைத்தால்தான் காற்றில் பறவையின் இறக்கை மாதிரி வயிறு எடுக்கும். பிறகு பாய்மரம். ஃபின் படகில் மரத்தைப் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கயிறுகள் கிடையாது. காற்றுக்கு மரமே வளையும். எவ்வளவு வளைய வேண்டும் என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. அதனால் அந்தக் காலத்து ஃபின் வீரர்கள் கையில் இழைப்புளியோடு பாய்மரத்தை இங்கே ஒரு சீவல், அங்கே ஒரு சீவல் என்று இழைத்துக்கொண்டே இருப்பார்களாம். எல்வ்ஸ்ட்ராம் கம்பெனியிலிருந்து பாய், பாய்மரம், படகுச் சாமான்கள், படகுகள், மிதவைச் சட்டை என்று உலகம் பூராவும் போயின. அவர் தொழிலுக்கு சோதனைக்கூடம் எது? அவர் ஓட்டிய படகேதான்.

அவர் பேரிலேயே ஒரு சாமான் உண்டு. படகுக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் கருவி. மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. படகின் அடிவயிற்றில் சின்னதாக ஒரு வாய். படகு வேகமெடுத்ததும் அந்த வாயைக் கீழே தள்ளித் திறந்தால், அடியில் ஓடும் நீரே உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். படகோட்டி கையால் மொண்டு ஊற்ற வேண்டியதில்லை. இன்றைக்கும் அதே அடிப்படையில் செய்த கருவியை உலகம் முழுக்கச் சின்னப் படகுகளில் பார்க்கலாம்.

டென்மார்க் பெரியவர் இதை ரொம்பப் பெருமையாக மணலில் வரைந்து காட்டினார். பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"தண்ணி உள்ள வந்தாத்தானே வெளிய தள்ளணும்? எங்க மரத்துல உள்ளேன்னு ஒரு எடமே கெடையாதே. மேல வர்ற தண்ணி சந்து வழியா கீழ போயிடும்."

நான் மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் பேசாமல் கட்டுமரத்தின் இரண்டு தடிகளுக்கு நடுவே இருந்த சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பெரியப்பாவுக்குக் கைகொடுத்தார்.

1960, இத்தாலி நேப்பிள்ஸ் கடல். எல்வ்ஸ்ட்ராமுக்கு முப்பத்திரண்டு வயசு. மூன்று தங்கம் வாங்கியவர் நாலாவது வாங்காமல் வரலாமா? உலகமே அவர் ஜெயிப்பார் என்று முடிவு கட்டிவிட்டது. இதைவிடப் பெரிய பாரம் எந்தப் படகிலும் ஏற்ற முடியாது. ஜெயித்தால் 'அதான் தெரியுமே' என்பார்கள். தோற்றால் 'என்னாச்சு?' என்பார்கள். கடைசிப் பந்தயத்துக்கு அவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. உடம்பும் மனசும் அந்த அளவுக்கு நைந்துபோயிருந்தன. அதற்குள் சேர்த்திருந்த மதிப்பெண்ணிலேயே நாலாவது தங்கம் வந்துவிட்டது. போட்டியின் பதற்றம் தன்னை எப்படி வாட்டியது என்பதைப் பின்னாளில் அவரே மறைக்காமல் பேசினார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று, ஆயிரத்து நூற்றுக்கு மேல் வாங்கியும் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைக்குத்தான் இரண்டாம் ரேங்க் பயம் அதிகம். நாற்பதாவது ரேங்க்காரன் நிம்மதியாகத் தூங்குகிறான். ஜெயித்து ஜெயித்தே ஒருத்தர் நொந்துபோக முடியும் என்பதற்கு இந்தப் படகோட்டி ஒரு சாட்சி.

அப்புறமும் அவர் கடலை விடவில்லை. பல ரகப் படகுகளில், எல்லாம் சேர்த்துப் பத்துக்கு மேல் உலகப் பட்டங்கள் வாங்கினார். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1972-லும் போனார். பதக்கம் இல்லை. சரி, முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். ஐம்பத்தாறு வயசில் எல்வ்ஸ்ட்ராம் மறுபடி வந்தார். இந்த முறை டொர்னாடோ என்ற படகு. இரண்டு பேர் ஓட்டுவது. இருபது அடி நீளம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு ஒல்லியான உடல்களைச் சேர்த்துக் கட்டிய ரகம். அந்த ரகத்துக்கு இங்கிலீஷில் பேர், கேட்டமரான்.

ஆமாம், நம்ம கட்டுமரம்தான்! வில்லியம் டாம்பியர் என்ற இங்கிலீஷ்க் கடலோடி சோழமண்டலக் கடற்கரையில் பார்த்ததை 1697-ல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் எழுதினார். பேர் கப்பலேறிவிட்டது. பிறகு பசிபிக் தீவுகளின் இரட்டை உடல் படகுகளுக்கு அந்தப் பேரை ஒட்டிவிட்டார்கள். நம் கட்டுமரம் இரட்டைப் படகு அல்ல. ஆனால், பேர் நம்முடையது. உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் போய்ச் சொன்னாலும் புரிகிற தமிழ் வார்த்தை இது.

அந்த டொர்னாடோவில் எல்வ்ஸ்ட்ராமோடு சேர்ந்து ஓட்டிய இன்னொருவர் யார்? ட்ரீனே. அவருடைய மகள். இருபத்திரண்டு வயசு. அந்தப் படகில் ஆண், பெண் பிரிவு தனியாகக் கிடையாது. மற்ற படகுகளில் கட்டுமஸ்தான இளைஞர்கள். இந்தப் படகில் ஒரு அப்பா, ஒரு பொண்ணு.

இதை நான் மொழிபெயர்த்தபோது, பக்கத்தில் கூடையோடு வந்து நின்ற அக்காவும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

அக்கா என்றால் பெரியப்பாவின் மூத்த மகள். நண்பனைவிட நாலு வயசு பெரியவள். தரங்கம்பாடியிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மீன் விற்கப் போவாள். காற்று பார்ப்பதில் அவளை அடிக்க வீட்டில் ஆள் கிடையாது. விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று எப்போது நிற்கும், மத்தியானம் கடலிலிருந்து கரைக்கு எப்போது திரும்பும், வாடை இன்றைக்கு எத்தனை மணிக்கு முறுக்கும் என்று தண்ணீர் நிறத்தைப் பார்த்தே சொல்வாள். நண்பன் அவளைக் கேட்டுவிட்டுத்தான் மரத்தைத் தள்ளுவான். ஆனால், அவள் ஒருநாளும் மரத்தில் ஏறியதில்லை. பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஒரு தடவை நண்பனுக்குக் காய்ச்சல், கூடப் போக ஆள் இல்லை. "நான் வரட்டாப்பா?" என்று கேட்டாளாம். பெரியப்பா பதில்கூடச் சொல்லாமல் தனியாகப் போனாராம். அப்போது அவளுக்குப் பதினாறு வயசு.

"பொண்ணையா கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு?" பெரியப்பா நம்பாமல் கேட்டார்.

"ஆமாம்."

"ஜெயிச்சாங்களா?"

"நாலாவது இடம்."

"நாலாவதுக்கு என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க, பெரியப்பா. மூணு வரைக்கும்தான் பதக்கம்."

அக்கா கேட்டாள்: "அப்புறம் போனாங்களா, வுட்டுட்டாங்களா?"

டென்மார்க் பெரியவர் சொன்னார். 1988, சியோல் ஒலிம்பிக். எல்வ்ஸ்ட்ராமுக்கு அறுபது வயசு. அதே மகளோடு மறுபடியும் போனார். பதினைந்தாவது இடம். அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். முதல் ஒலிம்பிக்குக்கும் கடைசிக்கும் நடுவே நாற்பது வருஷம்.

"அந்தப் பொண்ணு தானா வர்றேன்னு கேட்டுச்சா, இல்ல அவரு கூப்புட்டாரா?" இது பெரியப்பா.

டென்மார்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அதை அந்த அப்பாவையும் மகளையும்தான் கேட்க வேண்டும்" என்றார். பெரியப்பா அதற்கப்புறம் பேசவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கட்ட ஆரம்பித்தார்.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி அக்கா டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள். யாருக்கு என்னவோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"தம்பி, இன்னைக்கு அப்பா என்னை மரத்துல ஏத்திட்டுப் போச்சு."

"என்னக்கா சொல்ற?"

"விடியாலம் வந்து கதவைத் தட்டுச்சு. 'வா'ன்னுச்சு. எதுக்குன்னு கேட்டா சொல்லல. தள்ளு அலை தாண்டி அந்தாண்ட வரைக்கும் போனோம். ஒரு வார்த்தை பேசல. வலையும் எடுத்துட்டு வரல. திரும்பறப்ப துடுப்பை எங்கையில குடுத்துட்டு, முன்னால போய் உக்காந்துக்கிச்சு."

"ஊர்ல ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம? நாலு நாளைக்குப் பேசுவாங்க. அப்பாக்கிட்ட நேர்ல எவன் கேப்பான்?"

பூத்தில் காசு முடிந்து லைன் கட்டாகிவிட்டது.

அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் அவர் கூப்பிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 26. சுனாமி. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் அன்று என்ன நடந்தது என்று நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா வீட்டில் உயிர் தப்பினார்கள். தெருவில் பல வீடுகளில் அப்படி இல்லை. மணலில் காயப் போட்டிருந்த மரம் திசைக்கொன்றாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஃபைபர் படகுகள். நிவாரணமாகக் கொடுத்தார்கள். அச்சில் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிசின் தடவி, காயவைத்து எடுப்பது. மோட்டார் மாட்டினால் கட்டுமரம் அரை நாளில் போகிற தூரத்தைச் சட்டென்று எட்டிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. வயிற்றுப் பிழைப்பு. ஆனால், மரம் கட்டத் தெரிந்த கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த ஃபைபர் படகைப் பெரியப்பா சுற்றிச் சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உள்ளே இருக்கு" என்று மட்டும் சொன்னதாக நண்பன் சொன்னான். 2011-ல் பெரியப்பா தவறிப்போனார்.

அடுத்த வருஷம், 2012-ல் லண்டன் ஒலிம்பிக். இங்கிலாந்தின் பென் ஐன்ஸ்லி தொடர்ந்து நாலாவது தங்கத்துக்காக இறங்கினார். அதே ஃபின் படகு. அவரைக் கடைசிவரை தண்ணி காட்டியவர் ஒரு டென்மார்க்காரர், யோனாஸ் ஹோக் கிறிஸ்டென்சன். பெரும்பாலான நாட்கள் அவர்தான் முன்னிலை. கடைசிப் பந்தயத்தில்தான் ஐன்ஸ்லிக்குத் தங்கம் உறுதியானது. முன்பே ஒரு வெள்ளி கைவசம் இருந்ததால் எல்வ்ஸ்ட்ராமைத் தாண்டிவிட்டார். 2016 டிசம்பரில் எல்வ்ஸ்ட்ராம் காலமானார். வயசு எண்பத்தெட்டு. டோக்கியோவோடு ஃபின் படகும் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுக்கொண்டது.

எல்வ்ஸ்ட்ராம் சொன்னதாக ஒரு வாசகம் பாய்மரப் படகோட்டிகள் மத்தியில் ரொம்பப் பிரபலம். போட்டியில் முதலில் வந்து, கூட ஓட்டியவர்களின் மரியாதையை இழந்துவிட்டால் நீ ஜெயிக்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். நாலு தங்கம் வாங்கியவர் சொன்னால் அழகாகத்தான் இருக்கும் என்று ஒருவர் என்னிடம் கிண்டலாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாள் முதல் பந்தயத்திலேயே விலகித் திரும்பியவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. ஐம்பத்தாறு வயசில், பதக்கம் நிச்சயமில்லை என்று தெரிந்தும், மகளோடு கடலில் இறங்கியவருக்கு இன்னும் கூடுதலாகவே உண்டு.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்னைப் பெண் நேத்ரா குமணன் தகுதி பெற்றார். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2024-ல் பாரிஸுக்கும் போனார். அந்த டோக்கியோ சமயத்தில் ஊருக்குப் போயிருந்தபோது என் செல்போனில் அக்காவுக்கு ஒரு பெண்கள் படகுப் போட்டி வீடியோவைக் காட்டினேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைப் பாய்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெண்.

அக்காவுக்கு இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, போனை வெயில் படாமல் முந்தானையால் மறைத்துப் பார்த்தாள். நான் அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் கண் கடைசியாக வந்த ஒரு படகின் மேல் இருந்தது.

"காத்து பின்னாலேர்ந்து அடிக்குது. அந்தப் பொண்ணு இன்னும் பாயை இழுத்துப் புடிச்சிட்டிருக்கு பாரு" என்றாள். "தளத்தி வுடச் சொல்லு தம்பி. அதுவா ஓடும்."